பரம்பரை நேர் முடி

காலையில் பல் துலக்கிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குள் போன மனிதன், டம்ளருக்குள் ஒரு முடி மிதப்பதைக் கண்டால் என்ன செய்வான்? முகத்தைச் சுளிப்பான். தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு டம்ளர் எடுப்பான். துருவியார் அப்படிச் செய்யவில்லை. டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, முடியின் நீளம், நிறம், வளைவு மூன்றையும் பார்த்தார். அப்புறம்தான் முகத்தைச் சுளித்தார்.

துருவியார் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. குடியிருப்பில் இருந்தவர்கள் வைத்தது. காப்பீட்டுக் கம்பெனியில் அவருக்கு வேலை, நஷ்டஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா என்று துருவித் துருவி விசாரிப்பது. எரிந்துபோன சோபாவின் சாம்பலைப் பார்த்தே அது சோபாவின் சாம்பலா, பழைய பாயின் சாம்பலா என்று சொல்லிவிடுவார். போலிக் கையெழுத்து அவர் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. அந்தக் குணத்தை அவர் அலுவலகத்தில் கழற்றி வைத்துவிட்டு வருவதும் இல்லை. கேரட்டுக்கு ஒரு துருவி, வீட்டுக்கு ஒரு துருவி என்று பக்கத்து வீட்டம்மா ஒருநாள் சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது.

"இது என்ன?" என்றார் மனைவியிடம்.

"டம்ளர்."

"உள்ள?"

"தண்ணி."

"தண்ணிக்குள்ள?"

"முடி. என்னோடதுதான். கீழ வைங்க."

"எதுக்குப் போட்டு வச்சிருக்கே?"

"மூழ்குதா மிதக்குதான்னு பாக்குறேன்."

"மிதந்தா?"

"மிதந்தா ஒரு மாதிரி."

"மூழ்கினா?"

"மூழ்கினா வேற மாதிரி. நீங்க குடிச்சுட்டா எந்த மாதிரின்னும் தெரியாது. வைங்கன்னா வைங்க."

வைத்தார். வைக்கும்போதுதான் பார்த்தார், அலமாரியில் இன்னும் இரண்டு டம்ளர்கள். மனைவிக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதை எடுத்தாலும் சீட்டு ஒட்டிப் பழக்கம். முதல் டம்ளரில் 'நான்' என்று எழுதியிருந்தது. இரண்டாவதில் 'குட்டி' என்று மகளின் செல்லப்பெயர். மூன்றாவதில் தண்ணீர் மட்டும்தான். முடி இல்லை. சீட்டில் பெயரும் இல்லை. ஒரே ஒரு கேள்விக்குறி.

மூன்றாவது ஆள் யார்?

அந்தக் கேள்வி அன்று பூராவும் அவர் மண்டைக்குள் மிதந்தது. மூழ்கவில்லை.

அந்த வீட்டில் தலைமுடி என்பது சாதாரண விஷயம் இல்லை. குட்டிக்கு எட்டு வயது. அவள் தலையில் இருந்ததை முடி என்று சொல்வதே தப்பு. சுருள் சுருளாக, ஒன்றை இழுத்து விட்டால் 'டொய்ங்' என்று திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளும். தினமும் காலை ஆறரைக்கு முக்காலியில் உட்கார்ந்தால் ஏழேகால் வரை சிக்கெடுப்பு. சீப்பு ஒரு பக்கம் இழுக்கும், குட்டி ஒரு பக்கம் இழுப்பாள், நடுவில் அம்மாவின் பொறுமை அறுந்துபோகும். அம்மா தினமும் வேலைக்குத் தாமதம். குட்டி தினமும் கண்ணீரோடு பள்ளிக்கூடம்.

"இது எங்கிருந்துதான் வந்துச்சோ!" என்பாள் மனைவி, எட்டு வருஷமாக.

அதற்கு விடை துருவியாரின் அம்மாவிடம் தயாராக இருக்கும். தொலைபேசியில் வாரம் ஒருமுறை சொல்வார்: "எங்க பரம்பரையே நேர் முடிம்மா. கோடு போட்ட மாதிரி இருக்கும். இது உங்க பக்கம்."

"எங்க பக்கம் கொஞ்சம் அலையா இருக்கும் அத்தை. சுருள் கிடையாது."

"யாராவது பாட்டன் பூட்டன் இருந்திருப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

மனைவி கணவனைப் பார்ப்பாள். துருவியார் செய்தித்தாளைப் பார்ப்பார். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். எண்ணெய் பூசிப் படிய வாரிய அவர் தலை, மழையில் நனைந்த தார்ச்சாலை மாதிரி பளபளக்கும்.

டம்ளருக்குப் பிறகு தடயங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்க ஆரம்பித்தன. அவருடைய பழைய பனியன் ஒன்று காணாமல் போனது. தேடினால் அது மனைவியின் தலையில் இருந்தது.

"என் பனியன் உன் தலையில என்ன பண்ணுது?"

"ஈரத்தை உறிஞ்சுது. டவல் போட்டுத் தேய்ச்சா முடியோட நெளிவு கலைஞ்சுருமாம்."

"இத்தனை வருஷம் கலையலையா?"

"கலைஞ்சுது. அதான் என் முடி நிஜமா எப்படின்னு எனக்கே தெரியல. தெரிஞ்சுக்கப் போறேன்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒருத்திக்குத் திடீரென்று தன் முடி நிஜத்தில் எப்படி என்று தெரிந்துகொள்ள ஏன் தோன்ற வேண்டும்? யாருக்காக? துருவியார் இதை மனதில் குறித்துக்கொண்டார்.

இன்னொரு நாள் அலுவலகத்திலிருந்து பசியோடு வந்தார். அடுப்பில் ஒரு பாத்திரம். உள்ளே வெதுவெதுப்பாக, கொழகொழவென்று ஒரு திரவம். சூப் என்று நினைத்தார். கொஞ்சம் உப்பும் மிளகும் போட்டு இரண்டு கிண்ணம் குடித்தார். சுமாராகத்தான் இருந்தது. ஆனாலும் குறை சொல்லக் கூடாது என்று இருந்தார்.

மனைவி வந்தாள். "அடுப்புல இருந்தது எங்க?"

"குடிச்சுட்டேன். கொஞ்சம் காரம் போட்டிருக்கலாம்."

"ஐயோ! அது ஆளிவிதையைக் கொதிக்க வச்சது. தலைக்குத் தடவுறதுக்கு."

"குடிச்சா என்ன ஆகும்?"

"எனக்கென்ன தெரியும்? யாரும் குடிச்சதா எழுதல."

அன்று மாலை முழுவதும் துருவியார் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கவனக்குறைவா, திட்டமா? ஆயுள் காப்பீட்டு வழக்குகளில் சூப் என்ற பொருள் எத்தனை முறை வந்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தார். நினைக்காமலே இருந்திருக்கலாம்.

பெரிய தடயம் புதன்கிழமை கிடைத்தது. மனைவி படுக்கையறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. துருவியார் கதவுக்குப் பின்னால் போய் நின்றார். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் அலுவலகத்தில் அதற்குக் 'களஆய்வு' என்று பெயர்.

"ஆமாண்டி, எல்லாம் பாத்துட்டேன்... சந்தேகமே இல்ல. குட்டி மூணு ஏ தான்."

துருவியாரின் காது கதவில் ஒட்டிக்கொண்டது.

"இவருகிட்ட எப்படிச் சொல்றது? எட்டு வருஷமா ஒண்ணும் தெரியாத மாதிரிதானே இருக்கோம்... இல்ல, இவரா இருக்க வாய்ப்பே இல்லைன்னு இவரே சொல்றாரே... மூணு ஏ-யைப் பாத்தா உனக்கே தெரியும். அச்சு அசல் அதே சுருள்."

மூன்று ஏ!

அவர்கள் குடியிருந்தது முதல் மாடியில், 1-பி. மூன்றாவது மாடியில் படிக்கட்டுக்கு நேர் எதிரே இருந்தது 3-ஏ. அதில் ஏழு மாதம் முன்பு ஓர் ஒண்டிக்கட்டை குடிவந்திருந்தான். நீச்சல் சொல்லித் தருகிறவன். அகலமான தோள். தலை நிறையச் சுருள் சுருளாக முடி. இழுத்து விட்டால் 'டொய்ங்' என்று போய் ஒட்டிக்கொள்கிற ரகம்.

துருவியார் மெல்ல நடந்து கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி கொஞ்சம் தள்ளி இருந்தது. தரையில் உட்கார்ந்தார்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவன் வந்து ஏழு மாதம். குட்டிக்கு எட்டு வயது. கணக்கு இடிக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் அவன் எங்கே இருந்தான்? அதை யார் விசாரித்தார்கள்? யாரும் விசாரிக்கவில்லை. அதற்குத்தானே தான் இருப்பது!

மறுநாள் மாலை மூன்றாவது மாடிக்கு ஏறினார். கையில் குறிப்பேடு. கதவைத் தட்டினார். பயிற்சியாளன் திறந்தான்.

"உங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்ல ஒழுகுது" என்றார் துருவியார்.

"நீங்க முதல் மாடிதானே சார்? நடுவுல ரெண்டாவது மாடி இருக்கே?"

"அவங்க வீட்ல ஒழுகல. நேரா எங்க வீட்டுக்கு வருது."

பயிற்சியாளன் தலையைச் சொறிந்தான். அந்தச் சுருள்களுக்குள் விரல் போய்த் திரும்பி வரக் கொஞ்ச நேரமானது. துருவியார் அதையும் குறித்துக்கொண்டார்.

"தம்பி, இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க? இப்ப இல்ல, ஒரு எட்டு, ஒன்பது வருஷம் முன்னாடி?"

"பள்ளிக்கூடத்துல சார்."

"வாத்தியாரா?"

"பத்தாங்கிளாஸ்ல படிச்சுட்டு இருந்தேன் சார். கணக்குல போயிருச்சு, திரும்ப எழுதினேன்."

துருவியார் நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு விழுந்தது. முகம் கூட மலர்ந்தது. விடைபெறலாம் என்று திரும்பியவர் கண்ணில், மேஜைமேல் கிடந்த ஒரு படிவம் பட்டது. அதில் இருந்தது மனைவியின் கையெழுத்து. மனைவியின் போன் நம்பர்.

உருண்டு விழுந்த பாறாங்கல் திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டது.

சாப்பாட்டு நேரத்தில் மனைவியே பேச்சை எடுத்தாள்.

"குட்டியை நீச்சலுக்குச் சேத்திருக்கேன். சனிக்கிழமை காலையில முதல் வகுப்பு. மூணாவது மாடித் தம்பிதான் சொல்லித் தர்றாரு."

"அப்படியா?" என்றார் துருவியார், அப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி.

"சின்னப் பிள்ளைங்களோட பெத்தவங்கள்ல ஒருத்தர் கூடத் தண்ணியில இறங்கணுமாம். நான் இறங்கலாம்னு இருக்கேன். ஒரு மணி நேரம்தான்."

துருவியாரின் மனக்கண்ணில் ஒரு நீச்சல் குளம் விரிந்தது. அதில் அகலமான தோள் ஒன்று தெரிந்தது.

"நான் இறங்குறேன்!"

கரண்டி தட்டில் விழுந்தது. குட்டி நிமிர்ந்து பார்த்தாள். மனைவியும் பார்த்தாள்.

"நீங்களா? உங்களுக்குத் தண்ணின்னாலே ஆகாதே. தூறல் போட்டாலே குடையை விரிப்பீங்க."

"யார் சொன்னா ஆகாதுன்னு? என் பொண்ணுக்கு நான் இறங்காம வேற யாரு இறங்குவாங்க?"

"இல்ல, வேண்டாம். உங்களால முடியாது."

"முடியும்!"

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு!"

யோசித்தது அதற்குப் பிறகுதான். இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். துருவியாரின் தலைமுடி நேர் முடி இல்லை. சுருட்டை. சாதாரணச் சுருட்டையும் இல்லை. சின்ன வயதில் அவர் தலையில் பென்சிலைச் செருகிவிட்டால் மறுநாள் வரை விழாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்த பெயர், பாத்திரம் தேய்க்கிற நார். பத்து வயதில் அழுதுகொண்டு வந்தவனைப் பிடித்து உட்கார வைத்து, அம்மா அரைப் புட்டி எண்ணெயை ஊற்றி அழுத்தி வாரி, மேலே துணியைக் கட்டினார். காலையில் அவிழ்த்தபோது முடி படிந்திருந்தது. அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருஷமாக அது எழுந்திருக்கவே இல்லை. பெண் வீட்டாரிடம் அம்மாதான் முதலில் சொன்னார், பரம்பரை நேர் முடி என்று. மகன் மறுக்கவில்லை. குட்டி பிறந்து தலை சுருள ஆரம்பித்தபோதும் மறுக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு நாளும் மறுப்பது கடினமாகிக்கொண்டே போனது. குளித்தால் குளியலறைக்குள்ளேயே அரை மணி நேரம் தாழ்ப்பாள். தூங்கும்போது, காதுக்குக் குளிர் என்று இறுக்கமான குல்லாய். சீப்பில் ஒரு முடி மிஞ்சாது. அவரே எடுத்து, அவரே சுற்றி, அவரே எறிவார். நெளிவு சுளிவு தெரியாத மனிதர் என்று ஆபீசில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். தெரியாமலா? தலை நிறைய அதுதான் இருந்தது.

ஊரார் பொய்யை மோந்து பார்த்தே சொல்கிறவருக்கு, மனைவியின் எதிரே ஒரு பொய்யைத் தினமும் தலையில் தூக்கிக்கொண்டு நடப்பது பெரிய விஷயமாகப் படவில்லை. அதுதான் வேடிக்கை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அரை நாள் விடுப்புப் போட்டு, நீச்சல் தொப்பி வாங்கப் போனார். ஒன்று வாங்கினார். கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் வாங்கினார். ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டினால் மயிரிழை கூட வெளியே வராது. பையில் எண்ணெய்ப் புட்டி, சீப்பு, தலையில் கட்ட ஒரு துணி. தொப்பியோடு இறங்கி, தொப்பியோடு ஏறி, உடை மாற்றும் அறைக்குள் போய் எண்ணெய் போட்டு வாரிக்கொண்டு வந்தால் தலை தப்பியது. நல்ல திட்டம். எந்த ஓட்டையும் இல்லை.

சனிக்கிழமை. குளத்தின் வாசல் தூணில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. துருவியார் நின்று படித்தார். பெற்றோரில் ஒருவர் குழந்தையுடன் நீரில் இறங்க வேண்டும். எண்ணெய்த் தலையுடன் இறங்க அனுமதியில்லை. இறங்குமுன் ஷாம்பு போட்டுத் தலையை அலசுவது கட்டாயம்.

"கட்டாயமா?" என்றார்.

"கட்டாயம்னுதான் போட்டிருக்கு" என்றாள் மனைவி. "நான் வேணும்னா இறங்கட்டுமா? தம்பி அங்கதான் நிக்கிறாரு."

துருவியார் ஷாம்பு போட்டு அலசினார். இரண்டு தொப்பியையும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். புருவம் இரண்டும் நெற்றிக்கு நடுவே ஏறியிருந்தன.

இடுப்பளவுத் தண்ணீர். பதினோரு குழந்தைகள். நடுவில் பெரிய மனிதர் என்று அவர் ஒருவர்தான்.

"மத்த அப்பா அம்மாவெல்லாம் எங்க?" என்று பயிற்சியாளனிடம் கேட்டார்.

"வருவாங்க சார், வருவாங்க" என்றான் அவன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. மற்ற பெற்றோர் கரையில் பெஞ்சுகளில் காய்ந்த உடையோடு உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவுடனே சந்தேகப்பட வேண்டிய காட்சி. ஆனால் துருவியாரின் மொத்தச் சந்தேகமும் அப்போது பயிற்சியாளன் மீது குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. அவன் கரைப்பக்கம் திரும்பினால் இவரும் திரும்பினார். அவன் சிரித்தால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று எட்டிப் பார்த்தார். அந்த ஒரு மணி நேரத்தில் குட்டி மிதக்கக் கற்றுக்கொண்டாள். அவர் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தார்.

வகுப்பு முடிந்தது. கரையேறி நேராக உடை மாற்றும் அறைக்கு ஓடினார். பூட்டியிருந்தது. பெருக்குகிறார்கள், பத்து நிமிஷம் ஆகும் என்றார்கள். சரி, தொப்பியோடு இருப்போம் என்று வந்து மனைவிக்குப் பக்கத்தில், வெயில் விழுந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

பின்னாலிருந்து இரண்டு சின்னக் கைகள் வந்தன. "தொப்பியோட இருந்தா தலை வலிக்கும்னு அம்மா சொன்னாங்கப்பா!"

பளக், பளக். இரண்டும் கழன்றன.

"ஏ ஏ! குடு!"

குட்டி தொப்பிகளோடு ஓடிவிட்டாள்.

"பையைக் குடு" என்றார் மனைவியிடம். பையைத் திறந்தார். துணி இல்லை. "சீப்பு?"

"மறந்துட்டேங்க."

"எண்ணெய்?"

"அதுவும் மறந்துட்டேன்."

"நான்தானே எடுத்து வச்சேன்!"

"அப்புறம் நான் அடுக்கினேன். இந்தாங்க, ஈரத்துக்கு." அவருடைய பழைய பனியன் அவர் மடியில் விழுந்தது. அவள் மடியில் நோட்டு இருந்தது. பேனாவும் இருந்தது.

"அது மட்டும் மறக்கலையா?"

"இது எப்படிங்க மறப்பேன்?"

நல்ல வெயில். இதமான காற்று. இரண்டு கையாலும் தலையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் துருவியார். பக்கத்துப் பெஞ்சில் இருந்த அம்மா, "சாருக்குத் தலைவலியா?" என்று கேட்டார். கையை எடுக்க வேண்டியதாயிற்று.

முதலில் நெற்றிக்கு மேலே ஒன்று அசைந்தது. மெல்ல வளைந்து, தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, எழுந்து நின்றது. அடுத்தது வலது காதுக்கு மேலே. பிறகு பின்னந்தலையில் ஒரு கூட்டமே கிளம்பியது. முப்பத்திரண்டு வருஷம் அமுக்கி வைத்ததெல்லாம் ஒரே வெயிலில் விடுதலை பெற்றதுபோல, சுருள் சுருளாக, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மேலே வந்தது. பத்து நிமிஷத்தில் துருவியாரின் தலை இரண்டு மடங்கு ஆகியிருந்தது. பயிற்சியாளன் பார்த்துவிட்டு விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

மனைவி ஒரு சுருளை இரண்டு விரலால் பிடித்து இழுத்து விட்டாள்.

டொய்ங்.

"மூணு ஏ" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினாள்.

"என்னது?"

"நேர் முடின்னா ஒண்ணு. அலைன்னா ரெண்டு. சுருள்னா மூணு. அதுல ஏ, பி, சின்னு உட்பிரிவு. நான் ரெண்டு ஏ. குட்டி மூணு ஏ. நீங்க ஒண்ணுன்னு சொல்லிட்டு இருந்தீங்க. ஒண்ணும் ரெண்டும் மூணு, கூட்டல்ல வரும். முடியில வராது. வேற எங்கிருந்தோ வந்திருக்கணுமேன்னு பாத்தேன். அந்தக் கேள்விக்குறி டம்ளர் உங்களுக்குத்தான்."

துருவியார் தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப அன்னைக்குப் போன்ல..." என்றார்.

"போன்ல யாரும் இல்ல. சார்ஜே இல்ல. கதவுக்குக் கீழ உங்க கட்டை விரல் ரெண்டும் தெரிஞ்சுது. சரி, ஏதாவது பேசுவோம்னு பேசினேன்."

"மேஜைமேல இருந்த படிவம்?"

"குட்டியைச் சேக்குற படிவம். நீங்க மாடிக்குப் போவீங்கன்னு தெரியும். கண்ணுல படுற மாதிரி வைங்க தம்பின்னு சொன்னேன்."

"வாசல்ல ஒட்டியிருந்த விதி?"

"ஆபீஸ் பிரிண்டர்ல எடுத்தேன். மையி கொஞ்சம் மங்கல். நீங்க கண்டுபிடிச்சுருவீங்களோன்னு பயந்துட்டேதான் இருந்தேன்."

துருவியார் கண்ணை மூடிக்கொண்டார். அந்தத் தாளில் முத்திரை இல்லை. தேதி இல்லை. கையெழுத்து இல்லை. தன் மேஜைக்கு அப்படி ஒரு தாள் வந்திருந்தால் அதைக் கொண்டுவந்தவனை மூன்று மணி நேரம் உட்கார வைத்திருப்பார்.

"இவ்வளவு நாடகம் எதுக்கு? நேராக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

"எட்டு வருஷமாக் கேட்டேன்" என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் அவருக்கு என்னமோபோல் இருந்தது.

தொப்பிகளோடு ஓடிய குட்டி திரும்பி வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். அப்பாவின் தலையைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து இரண்டு கையையும் அதற்குள் விட்டாள்.

"அப்பா! நீ என்னை மாதிரி!"

"ஆமாம்" என்றார் துருவியார். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் வாக்குமூலம்.

"என் கிளாஸ்ல என்னைக் குருவிக்கூடுன்னு கூப்பிடுறாங்க. உன்னை என்னன்னு கூப்பிட்டாங்க?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, அவள் காதில் சொன்னார். "பாத்திரம் தேய்க்கிற நாரு."

குட்டி யோசித்தாள். "அது என்னோடதை விட மோசம்" என்றாள் பரம திருப்தியோடு. அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு தலையும் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டதில், பிரித்தெடுக்க மனைவிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கு மனைவி முக்காலியைக் கொண்டுவந்து துருவியார் எதிரில் போட்டாள். அதில் குட்டியை உட்கார வைத்தாள். அகலப் பல் சீப்பை அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க முடி. நீங்களே பாத்துக்குங்க. ஈரம் பண்ணிட்டு, நுனியிலேருந்து ஆரம்பிக்கணும். வேர்லேருந்து இழுத்தா கத்துவா."

பிறகு காபியை உட்கார்ந்து குடித்தாள். பதினோரு வருஷத்தில் அவள் உட்கார்ந்து காலைக் காபி குடித்து அவர் பார்த்ததில்லை. பதறாமல் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. துருவியாரின் அம்மா. மனைவி ஒலிபெருக்கியை அழுத்தி, போனை முக்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். சும்மா கணவனைப் பார்த்தாள்.

துருவியார் தொண்டையைச் செருமினார். "அம்மா, தெரிஞ்சு போச்சும்மா. என் முடி. குட்டிக்கு வந்தது நம்ம பக்கத்துலேருந்துதான்னு."

துருவியார் சீப்பை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அதுல என்னடா தெரியுறதுக்கு இருக்கு?" என்றார் அம்மா. "சுருட்டை முடி எல்லாருக்கும் வாய்ச்சுருமா? என் பேத்தி எங்க பக்கம்தான்னு நான் அன்னைக்கே சொல்லலையா?"

மனைவி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். தோள் குலுங்கியது. "அத்தை, அப்ப நீங்களே வந்து பத்து நாள் தலை சீவி விடுங்களேன்."

"எனக்கு முட்டி வலிம்மா. அதான் அவன் இருக்கானே" என்றார் அம்மா. போனை வைத்துவிட்டார்.

மனைவி கிளம்பிப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. துருவியார் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு இருபது. கடைசிச் சிக்கையும் எடுத்து, சீப்பைக் கீழே வைத்து, விரல்களை நெட்டி முறித்தார்.

குட்டி தலையைத் திருப்பிக் காட்டினாள். "அப்பா, இந்தப் பக்கம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."